வாய்ப் பூட்டு

கேள்வி: காப்புரிமை வாங்காமலே என் கண்டுபிடிப்பைக் காப்பாற்ற முடியுமா?

பதில்: முடியும், வாயைப் பூட்டினால்! காப்புரிமை 20 ஆண்டுகள் காவல் நிற்கும். அதற்குக் கூலியாக நுட்பத்தை ஊரறியச் சொல்லிவிட வேண்டும். 1886-இல் பிறந்த கோகோ கோலா, தன் சூத்திரத்தை வணிக ரகசியமாகவே காத்துவருகிறது. பங்குகளையும் சூத்திரத்தையும் பகிர்ந்துகொள்ள இந்திய அரசு வற்புறுத்தியபோது, 1977-இல் கடையைக் கட்டியதே தவிர வாய் திறக்கவில்லை. திரும்பி வந்தது 1993-இல்!

ரகசியம் ஊறுகாய் ஜாடி மாதிரி. ஒரே ஒரு ஈரக்கை போதும், கெட்டுவிடும். கூட்டாளியானாலும் பணியாளரானாலும், முதலில் ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்து, பிறகுதான் விளக்கம். ஆனால், பொருளைப் பிரித்துப் பார்த்தாலே நுட்பம் புரிந்துவிடும் என்றால் பூட்டு பயன்படாது. காப்புரிமை அலுவலகத்துக்கு நடையைக் கட்டுங்கள்.