இடது காலின் ஓய்வூதியம்

மேனுவல் கியர் கார்கள் அருகிவருவதற்கு ஒப்பாரி வைப்பவர்கள் எல்லோருக்கும் ராகம் ஒன்றுதான். "ஆட்டோமேட்டிக் ஓட்டுவதெல்லாம் ஓட்டுறதா? அது சும்மா உட்கார்ந்திருக்கிறது." அழுகிறவரைத் தடுப்பது பண்பல்ல. ஆனால் போனது யார் என்றாவது பார்த்துவிட்டு அழலாம். பெட்ரோல் எஞ்சின் நின்ற இடத்திலிருந்து இழுக்கத் தெரியாத பிராணி. நிமிடத்துக்கு எழுநூறு, எண்ணூறு சுற்றுக்குக் கீழே இறங்கினால் மூச்சை விட்டுவிடும். இரண்டாயிரத்தைத் தாண்டினால்தான் அதற்கு வீரம் வரும். இந்தப் பிறவிக் குறை ஊருக்குத் தெரியாமலிருக்கத்தான் நடுவில் கிளட்ச் என்றும் கியர் பெட்டி என்றும் இரண்டு தரகர்களை வைத்தார்கள். தரகர்களுக்கு எடுபிடி வேலை செய்தது நம் இடது கால். நூறாண்டுக்கு மேலாகச் சம்பளமில்லாமல் செய்த அந்த ஊழியத்துக்குத்தான் 'டிரைவிங் கலை' என்று பெயர் வைத்துப் பொன்னாடை போர்த்திக்கொண்டிருக்கிறோம்.

கலை என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் அந்தக் கலையின் பாதி அங்கங்கள் ஏற்கெனவே உதிர்ந்துவிட்டன, யாரும் சொட்டுக் கண்ணீர் விடவில்லை. காரின் மூக்குக்கு முன்னால் நின்று இரும்புக் கைப்பிடியைச் சுழற்றி ஸ்டார்ட் செய்த காலம் ஒன்று உண்டு. கைப்பிடி திருப்பி அடித்தால் மணிக்கட்டு முறியும். 1912-இல் காடிலாக் மின்சார ஸ்டார்ட்டரைக் கொடுத்ததும் மணிக்கட்டுக்காரர்கள் நன்றியோடு ஒதுங்கிக்கொண்டார்கள். அடுத்து டபுள் கிளட்ச். கியரைக் குறைக்க வேண்டுமென்றால் கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, காலை எடுத்து, ஆக்சிலேட்டரை ஓர் உறுமல் உறுமவிட்டு, மறுபடி கிளட்சை மிதித்துத்தான் கீழ் கியருக்குப் போக வேண்டும். கோயில் பிரதட்சணத்தில்கூட இத்தனை சுற்று கிடையாது. 1928-இல் அதே காடிலாக் சிங்க்ரோமெஷ்ஷைப் புகுத்தியது. அந்தச் சடங்கு மெல்ல மெல்லக் கார்களை விட்டுப் போனது. பழைய மாருதி 800-இல் குளிர்ந்த காலையில் இழுத்துவிட வேண்டிய சோக் குமிழ் எங்கே? அது போன அன்று யாரும் கடையடைப்பு நடத்தவில்லை. ஆக, ஒவ்வொரு தலைமுறையும் தான் பழகிய சிரமத்தைக் கலை என்கிறது. அதற்கு முந்தைய சிரமத்தை வெறும் சிரமம் என்கிறது.

அமெரிக்காவில் 1980 வாக்கில் விற்ற புதுக் கார்களில் சுமார் மூன்றில் ஒன்று மேனுவல்; இப்போது நூற்றுக்கு ஒன்றிரண்டு தேறினால் அதிகம். ஜப்பான் 1991-லேயே ஆட்டோமேட்டிக்குக்கு மட்டுமான லைசென்ஸைக் கொண்டுவந்துவிட்டது. நம் நாட்டுக் கதை இன்னும் ருசியானது. 2014 பிப்ரவரியில் மாருதி செலேரியோ ஏ.எம்.டி. கியரோடு வந்தது. அதே ஆண்டு மே மாதம் உத்தரபாராவில் அம்பாசடர் உற்பத்தி நின்றது. அம்பாசடரில் நெடுங்காலம் கியர் கம்பி ஸ்டீயரிங் தண்டில் இருந்ததால் முன்சீட்டில் மூன்று பேர் நெருக்கி உட்காரலாம். மூன்றாமவர் அண்டை வீட்டுக்காரராகவும் இருக்கலாம். ஏ.எம்.டி.யின் சூட்சுமம் என்னவென்றால், உள்ளே இருப்பது அதே கிளட்ச், அதே கியர் பெட்டிதான். மிதிக்கவும் மாற்றவும் மட்டும் கண்ணுக்குத் தெரியாத ஒரு க்ளீனர் பையனைப் போட்டிருக்கிறார்கள். பையன் புதுசு என்பதால் ஒவ்வொரு கியர் மாற்றத்திலும் வண்டி ஒரு கணம் தயங்கும், உள்ளிருப்பவர்கள் தஞ்சாவூர் பொம்மை மாதிரி தலையாட்டுவார்கள். அதைக் கேலி செய்யாத ஆளில்லை. ஆனால் பழைய மகாபலிபுரம் சாலையில் மாலை ஆறரை மணிக்கு ஹாஃப் கிளட்சில் ஊர்ந்துகொண்டிருக்கும் முழங்காலிடம் கேட்டால், தலை தாராளமாக ஆடிக்கொள்ளட்டும் என்றுதான் சொல்லும்.

மைலேஜ் போய்விடுமே என்பது பழைய ஆட்சேபம். ஒரு காலத்தில் நியாயமானதும்கூட. எண்ணெய்க்குள் சுழலும் டார்க் கன்வர்ட்டர் அன்று பெட்ரோலைக் கொஞ்சம் கள்ளத்தனமாகக் குடித்தது உண்மை. இன்றைய எட்டு, பத்து கியர்ப் பெட்டிகள் எந்த வேகத்தில் எந்த கியர் என்பதை நம்மைவிடச் சரியாகக் கணக்குப் போடுகின்றன. நாமோ ஃபோர்த்தில் போட்டுவிட்டுப் பாட்டு கேட்கிற ஜாதி. மேனுவலைக் கள்ளன் ஓட்டத் தெரியாமல் விட்டுவிட்டுப் போவான் என்ற வாதம் அமெரிக்காவில் செல்லும். நம் ஊர்க் கள்ளர்கள் தேர்ந்த மேனுவல் டிரைவர்கள். கனமான ஆட்சேபம் மலைப்பாதைதான். கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது, ஏறின கியரிலேயே இறங்கு என்பது டிரைவர்களின் வேதவாக்கு. எஞ்சின் பிடித்துக்கொள்ளாவிட்டால் பிரேக் சூடேறிக் கைவிட்டுவிடும். இந்த அறிவு பொய்யில்லை, இதற்குத் தலைவணங்கத்தான் வேண்டும். ஆனால் ஆட்டோமேட்டிக்கிலும் கீழ் கியரில் நிறுத்திவைக்க வழி கொடுத்திருக்கிறார்கள். அதைப் பயன்படுத்தாமல் 'டி'யில் போட்டுப் பிரேக்கை மட்டும் நம்புகிறவர், மேனுவலிலும் டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் இறங்கக்கூடியவர்தான். குற்றவாளி கியர் பெட்டி இல்லை.

இதற்கெல்லாம் மேலாக மின்சாரக் கார் வந்துவிட்டது. அதன் மோட்டார் நின்ற இடத்திலிருந்தே முழு பலத்தோடு இழுக்கும். பிறவிக் குறை இல்லாததால் தரகர்களும் தேவையில்லை. இங்கே வழக்கு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. ஹூண்டாய் ஐயோனிக் 5 N என்ற காரில் இல்லாத எட்டு கியர்களை இருப்பதுபோல் நடிக்கவைத்து, கியர் மாறும் குலுக்கலையும் எஞ்சின் உறுமலையும் சேர்த்து விற்கிறார்கள். லெக்ஸஸ் பொறியாளர்கள் ஒருபடி மேலே போய், ஒரு மின்சாரக் காரின் மாதிரி வண்டியில் கிளட்ச் பெடலும் கியர் கம்பியும் பொருத்தினார்கள். இரண்டும் எந்தப் பற்சக்கரத்தோடும் சேரவில்லை, வெறும் மென்பொருள். கிளட்சைச் சரியாக விடாவிட்டால், ஆஃப் ஆகவே முடியாத அந்த மோட்டார் ஆஃப் ஆவதுபோல் நின்று காட்டும். இத்தனை தூரம் வந்தவர்கள், அண்ணாசாலை சிக்னலில் வண்டி ஆஃப் ஆனதும் பின்னாலிருந்து ஹாரன் அடிக்கும் மாநகரப் பேருந்தையும், "ஓட்டத் தெரியலன்னா ஏன்யா வண்டி எடுக்கற" என்று கேட்கும் ஆட்டோக்காரரையும் ஸ்பீக்கரில் சேர்த்துவிட்டால், நமக்கும் ஒரு முன்பதிவு போட்டுவைக்கலாம்.