வருசநாட்டுச் சலம்பலில் ‘செயின்’ எச்சம்: ஒரு முன்னாய்வு

தேனி மாவட்டத்து வருசநாட்டுச் சண்டைகளுக்குக் காவல் நிலையத்தில் கோப்பு இருக்கும், வட்டாட்சியர் அலுவலகத்தில் மனு இருக்கும். இலக்கணத்தில் ஓர் இயல் இல்லை. அக்குறை தீர்க்க எழுந்தது இக்கட்டுரை.

முதலில் கலைச்சொல். ‘வந்தால்’, ‘வரின்’ என்று நிபந்தனை போடும் வினையெச்சத்துக்கு நம் இலக்கணிகள் வைத்த வாய்பாட்டுப் பெயர் ‘செயின்’. தொல்காப்பியர் சொன்ன 9 வாய்பாடுகளில் அது உண்டு. நன்னூலார் 12 ஆக்கியபோதும் உண்டு. கடமலைக்குண்டிலிருந்து வரும் பேருந்தில் ஏறி, ‘இந்தப் பக்கம் செயின் எப்படி?’ என்று களஆய்வு செய்வது மட்டும் உசிதமன்று. பெண்கள் கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்கள்.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது ஓர் இலவமரம். வேர் ஒருவர் காட்டில், கிளை பக்கத்துக் காட்டின் மேல். காய் முற்றினால் எங்கே விழும் என்பது காற்றின் விருப்பம். அப்படி விழுந்த காயால் எழுந்த சலம்பலை டீக்கடையில் ஒரு பெரியவர் இப்படி எடுத்துச் சொன்னார்:

“‘எங்காட்டுல விழுந்த காய எடுக்க வந்தேன்னா கால ஒடிச்சிருவேன்’னாப்ல. அதுக்கு இவன், ‘எம்மரத்துக் காய எடுக்க ஒங்கிட்டக் கேக்கணுமோ’ன்னான்.”

முதல் வாக்கியத்தைப் பத்தாம் வகுப்பு படிக்கும் அவர் பேத்தியிடம் கொடுத்து, ஆங்கிலத்தில் அயற்கூற்றாக்கச் சொன்னோம். அவள் எழுதியது: ‘ஹி டோல்டு ஹிம் தட் இஃப் ஹி கேம் டு டேக் த பாட்ஸ் இன் ஹிஸ் ஃபீல்டு, ஹி வுட் பிரேக் ஹிஸ் லெக்.’ முழு மதிப்பெண் போடலாம். ஆனால் அந்த ஒற்றை வாக்கியத்தில் ‘அவன்’ 6 இடங்களில் நிற்கிறான். எவன் காடு, எவன் கால், ஒடிப்பவன் எவன் என்பது கட்டுப் போடும் வைத்தியருக்கே விளங்காது.

ஆங்கிலத்தின் நோக்கம் வேறு. சொன்னவனை முதலிலேயே கூண்டில் ஏற்றிவிட்டு, அவன் பேச்சை ஒரு துணைவாக்கியத்துக்குள் மடித்து வைக்கிறது. ‘வில்’ ‘வுட்’ ஆகிறது, ‘இங்கே’ ‘அங்கே’ ஆகிறது, ‘நாளை’ ‘மறுநாள்’ ஆகிறது. கேட்பவர் காதுக்கு வருவதற்குள் சண்டை ஆறிப்போகிறது. நீதிமன்றத்துக்கு அது நல்லது, டீக்கடைக்கு ஆகாது.

வருசநாட்டில் ‘ன்னான்’ கடைசியில்தான் வரும். அதுவரை சண்டை போடுபவர் சாட்சாத் அந்தப் பெரியவரேதான். குரலும் அவருடையது, நீட்டிய விரலும் அவருடையது. பாதியில் கடைக்குள் நுழைந்த வெளியூர்க்காரர், தம் காலைத்தான் சொல்கிறார் என்று பெஞ்சுக்கடியில் இழுத்துக்கொண்டதை நாமே கண்டோம்.

அந்தக் கடைசிச் சொல்லையும் உற்று நோக்க வேண்டும். ஒருவர் ‘ன்னாப்ல’, இன்னொருவர் ‘ன்னான்’. ‘ஆப்ல’ என்பது மதுரை, தேனிப் பக்கத்தில் ‘ஆனு’க்கும் ‘ஆரு’க்கும் நடுவே வழங்கும் மரியாதை. ஆக, பெரியவர் யார் கட்சி என்பதை விகுதியே சொல்லிவிட்டது. ஆங்கில ‘செட்’ எவர் பக்கமும் சாயாது. பஞ்சாயத்துக்குப் பயன்படாத சொல் என்பது எம் கருத்து.

இனி இவ்வாய்வின் தலையாய கண்டுபிடிப்பு. மேலே காட்டியதுபோல் ‘கால ஒடிச்சிருவேன்’ வரை போகும் சண்டைகள் அரிது. பெரும்பாலானவை, ‘இன்னொரு தடவ வரப்பத் தாண்டுனேன்னா…’ என்பதோடு நின்றுவிடும். எடுத்துச் சொல்பவரும் அந்த வெற்றிடத்தைச் சிந்தாமல் கொண்டுவந்து சேர்ப்பார்: ‘தாண்டுனேன்னான்னு நிப்பாட்டிட்டாப்ல.’ சொல்லாமல் விட்டதைக் கேட்பவரே நிரப்பிக்கொள்வதை இலக்கணிகள் ஒழியிசை என்பார்கள். ‘ஓ’ முதலிய சில இடைச்சொற்களுக்கே அவர்கள் தந்த அந்தப் பதவியை ‘ன்னா’வுக்கும் தர வேண்டுமென வேண்டுகிறோம். முற்றுவினையைச் சொல்லித் தொலைத்தால் நிறைவேற்றியாக வேண்டும். எச்சத்தோடு விட்டால் எதிராளி காலும் பிழைக்கும், சொன்னவர் கௌரவமும் பிழைக்கும்.

குற்றவாளியே இல்லாமல் சண்டையைச் சொல்லவும் வழி உண்டு. ‘இவன் ஒண்ணு சொல்ல, அவன் ஒண்ணு சொல்ல, பேச்சு வளர…’ இது ‘செய’ என்னும் எச்சம். தன் வினைமுதலையும் ஏற்கும், பிறன் வினைமுதலையும் ஏற்கும் என்பதால் இரு தரப்புக்கும் மாறி மாறி இடம் தரும். யார் முதலில் கை நீட்டியது என்று கேட்டால், பேச்சு வளர்ந்ததுதான் காரணம் என்று வரும்.

இங்கே தருக்கம் இல்லையா என்று சிலர் வினவலாம். மணிமேகலையின் 29-ஆம் காதையில் அறவண அடிகள், மலையில் புகை இருப்பதால் நெருப்பும் இருக்கும் என்று அடுக்களையை உதாரணம் காட்டிப் பாடம் நடத்துகிறார். இங்குள்ள மேகமலை அடிவாரத்தில் அந்தப் பாடம் முதல் அடியிலேயே தடுக்கும். தெரிவது புகையா மஞ்சா என்பதற்கே ஒரு பொழுது போகும். புகை என்று முடிவானால், வனத்துறை வந்தா யார் பதில் சொல்றது என்று அடுத்த ‘ஆல்’ பிறக்கும்.

நிபந்தனை இந்த மண்ணுக்குப் புதிதன்று. மூல வைகை பிறப்பது இந்த மலையில்தான். ஆனாலும் பல மாதம் மணல்தான் ஓடுகிறது. கீழே 71 அடி வைகை அணையே பெரியாற்றுத் தண்ணீரை எதிர்பார்த்து நிற்கும்போது, மேலே இருப்பவர் கல்யாணம் பேசினாலும் ‘ஆத்துல தண்ணி வந்தா’, ‘பஞ்சு வெல ஏறுனா’ என்றுதான் பேச முடியும். 2021-இல் திருவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்ட பிறகு, மலைக்காட்டில் முந்திரியும் இலவமும் வைத்திருப்பவர்கள் ‘பட்டா குடுத்தா’ என்பதையும் சேர்த்துக்கொண்டார்கள். அதற்குரிய முற்றுவினை அரசிடம் இருக்கிறது.

இம்முடிபுகளை டீக்கடையில் விரிவாக எடுத்துரைத்தோம். பெரியவர் கண்ணாடித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, அப்போதுதான் உள்ளே வந்த தம் மருமகனிடம் சொன்னார்: “சாரு ஏதோ ஆராய்ச்சியாம். முடிஞ்சா நம்ம சண்டையெல்லாம் புஸ்தகத்துல வருமாம்.”

‘ஆம்’ 2 இடங்களில் வந்திருப்பது பின்னாய்வுக்கு உரியது.