மூச்சு வாங்குபவருக்கே முதல் மரியாதை

லண்டனிலிருந்து பிரைட்டன் கடற்கரைக்கு ரயிலில் போனால் ஏறக்குறைய ஒரு மணி நேரம். உட்கார்ந்துகொண்டு போகலாம், தூங்கிக்கொண்டும் போகலாம். இவ்வளவு வசதி இருந்தும், ஆண்டுதோறும் ஜூன் மாத ஞாயிறு ஒன்றில் ஆயிரக்கணக்கானவர்கள் விடியற்காலையிலேயே கிளாப்பம் காமன் திடலில் சைக்கிளோடு கூடி, 54 மைல், அதாவது 87 கிலோமீட்டர், மிதித்தே அந்த ஊருக்குப் போகிறார்கள். அப்படிப் போவதற்குக் கட்டணமும் கட்டுகிறார்கள். 1976இல் சில பத்துப் பேரோடு தொடங்கிய பயணம் இது. 1980 முதல் இதில் திரளும் பணம் பிரிட்டிஷ் ஹார்ட் ஃபவுண்டேஷன் என்ற அறக்கட்டளையின் இதய நோய் ஆராய்ச்சிக்குப் போகிறது. இதயத்தைக் காக்கப் பணம் திரட்டுகிறவர்கள், அதற்காக இத்தனை இதயங்களை ஒரே நாளில் இப்படிப் படபடக்க வைக்கலாமா என்று கேட்கலாம். அதைப் பிறகு பார்ப்போம். முதலில் என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன்: நன்கொடைக்காக நடக்கும் சைக்கிள் பயணங்களில் மிகவும் மதிப்புள்ள ஆள், முதலில் போய்ச் சேருகிறவர் அல்ல. சைக்கிளைக் கடைசியாக எப்போது ஓட்டினோம் என்பதே நினைவில்லாமல், ஏதோ ஒரு பலவீனமான நொடியில் பெயர் கொடுத்துவிட்ட புதியவர்தான்.

இந்தப் பயணங்களில் இரண்டு சாதியார் உண்டு. முதல் சாதியாரின் சைக்கிளை ஒரு விரலால் தூக்கிவிடலாம். அதன் விலையைக் கேட்டால் நாம்தான் உட்கார வேண்டியிருக்கும். காற்றைக் கிழித்துப் போவதற்காகக் காலிலுள்ள மயிரைக்கூட மழித்திருப்பார்கள். மற்றவர்கள் தேநீருக்கு வரிசையில் நிற்கும் நேரத்தில் இவர்கள் பிரைட்டனைத் தொட்டிருப்பார்கள்; சிலர் வந்த வழியே லண்டனுக்கும் மிதித்துத் திரும்புவார்கள். இரண்டாவது சாதியார் புதியவர்கள். வீட்டுக் கொட்டகையில் புல்வெட்டும் எந்திரத்துக்குப் பின்னால் கிடந்த சைக்கிளை வெளியே இழுத்து, செயினுக்குச் சமையல் எண்ணெய் விட்டு, காற்றடிக்கப் போனால் தன் பம்பின் வாய் ஒரு மாதிரியும் டியூபின் வாய் வேறு மாதிரியும் இருப்பதை அன்றுதான் கண்டுபிடிப்பார்கள். இருபத்தேழு கியர் இருக்கும். அவற்றில் எப்போதும் ஒன்றில்தான் ஓட்டுவார்கள், அதுவும் தவறான ஒன்றில். இந்த இருவரும் ஒரே அலுவலகத்தில் வேலை செய்து, ஒரே நாளில் நன்கொடை கேட்டு உங்கள் மேசைக்கு வந்தால் யாருக்குக் கூடுதலாகக் கொடுப்பீர்கள்? தேர்ந்த சைக்கிள்காரருக்கு 87 கிலோமீட்டருக்காகப் பணம் கொடுப்பது, நீந்தியதற்காக மீனுக்குக் கூலி கொடுப்பது போல. கொடுத்தாலும் பணம் நல்ல காரியத்துக்குத்தான் போகும். ஆனால் கை தானாகப் பைக்குள் போகாது.

இது என் ஊகம் மட்டுமல்ல. கிறிஸ்டஃபர் ஒலிவோலா, எல்டார் ஷஃபீர் என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட கட்டுரை ஒன்றில் இதற்குத் ‘தியாகி விளைவு’ என்றே பெயர் வைத்தார்கள். ஒரு நல்ல காரியத்துக்கு நன்கொடை தர வேண்டுமென்றால் பூங்காவில் விருந்துண்ண வேண்டும் என்று சிலரிடமும், நெடுந்தூரம் ஓட வேண்டும் என்று வேறு சிலரிடமும் சொல்லி, எவ்வளவு தருவீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். நியாயமாகப் பார்த்தால் விருந்துக்குத்தான் கூடுதலாகத் தர வேண்டும். மனிதன் நியாயமாகப் பார்க்கிறவன் அல்லவே! கால் வலிக்கும், வியர்க்கும், வேதனை உண்டு என்று தெரிந்தவர்களே கூடுதலாகத் தர முன்வந்தார்கள். அதிலும் பணம் போய்ச் சேருமிடம் மனிதத் துன்பத்தோடு தொடர்புடையதாக இருந்தால் இந்த விளைவு வலுக்கிறது; பூங்கா அமைப்பது போன்ற இன்பமான காரியமென்றால் தளர்ந்துவிடுகிறது. அலகு குத்திக் காவடி எடுக்கிற, தீ மிதிக்கிற, பழனிக்குப் பாதயாத்திரை போகிற சமூகத்துக்கு இதைச் சொல்ல ஆய்வுக்கூடம் தேவையில்லை. சும்மா உண்டியலில் போட்ட காசைவிடக் கால் கொப்பளித்துப் போய்ப் போட்ட காசுக்கு வீரியம் அதிகம் என்பது நமக்குத் தெரிந்ததுதான்.

கூர்மையான வாசகர் இங்கே மடக்குவார்: அந்த ஆய்வு துன்பப்படுகிறவர் தானே கொடுப்பதைப் பற்றியது, சைக்கிள் பயணத்தில் மிதிப்பவர் ஒருவர், கொடுப்பவர் இன்னொருவர் அல்லவா? சரியான கேள்வி. இதற்குச் சாட்சி நம் ஊர்த் திடல்களிலேயே இருக்கிறது. ஊர் ஊராகப் போய் இராப்பகலாகச் சைக்கிளை விட்டு இறங்காமல் சுற்றியவர்களை ஒரு தலைமுறைக்கு முந்தியவர்கள் பார்த்திருப்பார்கள். நடுவில் கம்பம், அதில் டியூப்லைட், ஓயாமல் பாடும் ஒலிபெருக்கி. சாப்பாடு சைக்கிளில், குளியல் சைக்கிளில், முகச்சவரமும் சைக்கிளில். கையை விட்டு ஓட்டுவது, ஓடுகிற சைக்கிளிலிருந்து குனிந்து தரையில் கிடப்பதை எடுப்பது என்று வித்தை காட்டினால் கைதட்டல் கிடைக்கும். ரூபாய் நோட்டைச் சட்டையில் குத்த வைத்ததோ வித்தையல்ல. தூங்காமல் சிவந்த கண்களும் வீங்கிய கால்களும். கைதட்டலுக்குத் திறமை போதும். பணத்துக்குப் பாடு வேண்டும். பிரான்ஸிலும் இதே கதைதான். 1903இல் லோட்டோ என்ற பத்திரிகை தன் விற்பனையைக் கூட்டத்தான் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தைத் தொடங்கியது. ஒரே கட்டத்தில் நானூறு கிலோமீட்டருக்கும் மேல் இரவோடு இரவாக மிதித்தவர்களின் கஷ்டத்தைப் படிக்க மக்கள் காசு கொடுத்தார்கள், விற்பனையும் எகிறியது.

இந்த அளவுகோலோடு பிரைட்டன் பாதைக்குத் திரும்புவோம். பாதையை வகுத்தவர்களுக்கு மனித மனம் நன்றாகத் தெரிந்திருக்கிறது. சர்ரேயும் சசெக்ஸும் அவ்வளவு சமதளமல்ல. டர்னர்ஸ் ஹில் போன்ற மேடுகள் வழியிலேயே தொடைகளை விசாரித்துவிடும். கடலை நெருங்கிவிட்டோம் என்று மனம் சற்று இளகும்போது எதிரே எழுகிறது டிச்லிங் பீக்கன். உயரம் 248 மீட்டர். நம் கொடைக்கானல்காரர்கள் இதை மலை என்று ஒப்பமாட்டார்கள். ஆனால் எழுபது கிலோமீட்டருக்கு மேல் மிதித்துவிட்டு வருகிறவருக்கு அது இமயம்தான். ஒன்றரைக் கிலோமீட்டருக்குக் குறுகலாக, செங்குத்தாக, மரங்களுக்கிடையில் வளைந்து ஏறும் பாதை. ஒவ்வொரு வளைவிலும் இதோ உச்சி என்று ஆசை காட்டும், அடுத்த வளைவில் கைவிரிக்கும். 1994இல் டூர் டி பிரான்ஸ் இங்கிலாந்துக்கு வந்தபோது உலகின் தலைசிறந்த வீரர்கள் இதே ஏற்றத்தில் மிதித்துப் போனார்கள். அவர்கள் வேகத்தை உலகம் வியந்தது. ஐயோ பாவம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் ஜூன் ஞாயிறன்று இந்த ஏற்றத்தில் பெருங்கூட்டம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்கிறது. தள்ளுவதற்குத் தடையில்லை, அபராதமில்லை, அவமானமும் இல்லை. முகம் சிவந்து, வாய் பிளந்து, எதற்கு வந்தோம் என்று மௌனமாகத் தன்னைக் கேட்டுக்கொண்டு ஏறும் அந்த மனிதர்தான் நன்கொடையாளர் கொடுத்த காசுக்கு முழு மதிப்பையும் தருகிறார்.

இப்போது ஆட்சேபங்கள். முதலாவது எல்லோரும் கேட்பது: பணம் கொடுக்க வேண்டுமென்றால் நேரே கொடுத்துவிட்டுப் போகலாமே, நடுவில் சைக்கிள் எதற்கு? கேட்க அழகான வாதம். ஆனால் நேரே கொடுக்கலாமே என்று சொல்பவர்களில் எத்தனை பேர் நேரே கொடுத்துவிட்டு வந்து இதைச் சொல்கிறார்கள்? உலகில் கடினமான காரியம் கொடுப்பதல்ல, கேட்பது. சும்மா போய் நன்கொடை கேட்டால் பக்கத்து மேசைக்காரர் தொலைபேசியை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வார். நான் பிரைட்டன் வரை சைக்கிளில் போகப் போகிறேன் என்று சொல்லிக் கேட்டுப் பாருங்கள். நீங்களா என்று ஒருமுறை மேலும் கீழும் பார்ப்பார். அந்தப் பார்வையிலேயே பாதிப் பணம் வந்துவிட்டது. மீதிப் பாதி சிரிப்பில் வந்துவிடும். தேர்ந்தவருக்கு இந்த வாய்ப்பில்லை. அவர் ஆண்டுதோறும் கேட்கிறார். அவர் வருவது தெரிந்து ஆட்கள் மாடிப்படியால் இறங்கிப் போகிறார்கள். புதியவர் கேட்பது முதல்முறை; அவருடைய அத்தையும் மைத்துனரும் மளிகைக்கடைக்காரரும் இன்னும் ஒளியக் கற்றுக்கொள்ளவில்லை. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் நடக்கும் பான்-மாஸ் சேலஞ்ச் பயணத்தில் 1980இல் 36 பேர் மிதித்துத் திரட்டியது 10,200 டாலர். பாஸ்டனின் டானா-ஃபார்பர் புற்றுநோய் மையத்துக்காக அது இதுவரை திரட்டிய தொகை 100 கோடி டாலரைத் தாண்டிவிட்டது. அந்த முதல் 36 பேரும் ஆளுக்கொரு காசோலை எழுதிவிட்டு வீட்டில் படுத்திருந்தால் கணக்கு அன்றோடு முடிந்திருக்கும். மிதிக்கிறவர்கள் பெருகியதால் கேட்கிறவர்கள் பெருகினார்கள்; கேட்கிறவர்கள் பெருகியதால் பணம் பெருகியது.

இரண்டாவது ஆட்சேபம் செலவைப் பற்றியது. சாலையை அடைப்பது, மருத்துவ உதவி, வாழைப்பழம், தண்ணீர் என்று ஆகும் செலவை நோயாளிக்கே கொடுக்கலாமே என்பார்கள். இதில் நியாயம் உண்டு. 1994இல் கலிஃபோர்னியாவில் எய்ட்ஸ் பயணங்களைத் தொடங்கிய டான் பல்லோட்டா பெருந்தொகை திரட்டியும், செலவு மிஞ்சிப்போகிறது என்ற விமர்சனத்துக்கு நடுவே அவருடைய நிறுவனம் 2002இல் இழுத்து மூடப்பட்டது. செலவைக் குறைப்பது லட்சியமா, திரளும் தொகையைக் கூட்டுவது லட்சியமா என்று அவர் 2008இல் ஒரு நூலே எழுதினார். என் தீர்ப்பு இது: செலவு கண்காணிக்கப்பட வேண்டும்; ஆனால் அது பயணத்தை நிறுத்தக் காரணமாகாது. பான்-மாஸ் பயணத்தில் நன்கொடையாகத் திரளும் ஒவ்வொரு டாலரும் மருத்துவமனைக்கே போகிறது. நடத்தும் செலவைக் கட்டணமும் விளம்பரதாரர்களும் ஏற்கிறார்கள். உண்மையான ஊதாரித்தனம் வேறிடத்தில் நடக்கிறது. புதியவர் சைக்கிள் கடைக்குள் நுழைந்து, முப்பது கிராம் எடை குறைந்த தண்ணீர்ப் புட்டிப் பிடிப்பானைப் பெருவிலைக்கு வாங்கும்போது, தன் இடுப்பில் உள்ள பன்னிரண்டு கிலோவை மறந்துவிடுகிறார். அவருக்குத் தேவை ஒன்றே ஒன்று: அடியில் மெத்தை வைத்துத் தைத்த அரைக்கால் சட்டை. அதன் உள்ளே வேறெதுவும் அணியக் கூடாது என்பதைக் கடைக்காரர் சொல்லக் கூச்சப்படுவார், நானே சொல்லிவிடுகிறேன். தையல் உராய்ந்து புண்ணாகாமல் இருப்பதற்குத்தான்.

மூன்றாவது ஆட்சேபம் இதயத்தைப் பற்றியது, தொடக்கத்தில் தள்ளிவைத்தேன். பழக்கமில்லாதவரை ஒரே நாளில் 87 கிலோமீட்டர் மிதிக்கச் சொல்வது ஆபத்தில்லையா? ஆபத்துதான், தயாரிப்பே இல்லாமல் போனால். நன்கொடையாளர் கொடுத்தது சிரமத்துக்கு. சிராய்ப்புக்கும் எலும்பு முறிவுக்கும் அல்ல. இரண்டு மூன்று மாதங்களுக்கு முன்பே வாரந்தோறும் தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் பழக வேண்டும். நெஞ்சில் பழைய கோளாறு இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் பெயர் கொடுக்கக் கூடாது. தலையில் ஹெல்மெட், பையில் மாற்று டியூப், நன்றாகப் பிடிக்கிற பிரேக், இவை கட்டாயம். கூட்டத்தில் திடீரென்று நிற்பது ஏற்றத்தில் விழுவதைவிட மோசம். பின்னால் வருகிறவரும் புதியவர்தான். சரி, பழகிவிட்டால் பாடு குறைந்து மதிப்பும் குறையுமே, உங்கள் வாதம் தன் காலையே வாருகிறதே என்று கேட்பீர்கள். கவலை வேண்டாம். எவ்வளவு பழகினாலும் ஒரு புதியவரின் துன்பத்தை டிச்லிங் பீக்கன் குறைய விடாது. பழக்கம் செய்வதெல்லாம், அந்தத் துன்பத்தைக் கதையாகச் சொல்ல அவரை உயிரோடு வைத்திருப்பதுதான்.

கடைசி ஆட்சேபம்தான் என்னைக் கொஞ்சம் யோசிக்க வைத்தது. எவரும் ஒருமுறைதானே புதியவராக இருக்க முடியும்? மறு ஆண்டு அவர் பழையவர். அதற்கடுத்த ஆண்டு கால் மயிரை மழிப்பவர். இதற்கும் வழியிருக்கிறது. தேர்ச்சி வந்துவிட்டது என்று தெரிந்தவுடன், தான் மிதிப்பதோடு நிற்காமல், இதுவரை மிதிக்காத ஒருவரைச் சேர்த்துவிட வேண்டும். பஞ்சர் ஒட்டிக் கொடுக்கலாம், கியர் மாற்றச் சொல்லிக் கொடுக்கலாம், ஏற்றத்தில் கூடவே இறங்கித் தள்ளலாம். தேர்ந்தவர்கள் இந்தப் பயணங்களுக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி, அரை மணி முன்னதாகப் போய்ச் சேர்வதல்ல. எனவே அடுத்த முறை யாராவது நன்கொடைப் படிவத்தோடு உங்கள் முன் வந்து நின்றால் அவர் கால்களைப் பாருங்கள். வரிவரியாகத் தசை தெரிந்தால் ஐந்து பவுண்டு போதும். அடுத்த மேசையிலிருந்து நடந்து வந்ததற்கே மூச்சு வாங்கினால் தயங்காமல் இருபது எழுதுங்கள்.