பெரம்பலூர், அரியலூர் வட்டாரக் கொல்லை மாமரங்கள்: ஓர் அச்சுறுத்தலியல் அணுகுமுறை

மாமரத்தைப் பற்றி நிறையப் பேர் நிறைய எழுதிவிட்டார்கள் என்பதே இந்தக் கட்டுரை எழுதப்படுவதற்குப் போதுமான காரணம். முன்னோடி ஆய்வாளர்கள் அனைவரும் மரத்தை வளர்ப்பது எப்படி என்றே கேட்டார்கள். மிரட்டுவது எப்படி என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்த இடைவெளியை நிரப்புகிறேன். இடைவெளியை நிரப்பாத ஆய்வேட்டுக்கு அட்டை போட்டுத் தர மாட்டார்கள் என்று கேள்வி.

முதலில் ஆய்வெல்லை. அரியலூரில் ஒரு வீட்டுக் கொல்லையில், கிணற்றடிக்கு மேற்கே, முதிர்ந்த மாமரம் ஒன்று நிற்பதாகக் கொள்வோம். தொடக்கத்தில் அது திருச்சிராப்பள்ளி மாவட்டத்து மரம். 1995இல் பெரம்பலூர் மாவட்டத்து மரமானது. 2001இல் அரியலூர் தனி மாவட்டமாக, மரமும் தனியே வந்தது. 2002இல் அரியலூரைப் பெரம்பலூரோடு திரும்பவும் சேர்த்தார்கள்; மரமும் சேர்ந்துகொண்டது. 2007இல் மறுபடி பிரித்தார்கள். பன்னிரண்டு ஆண்டுகளில் நான்கு முறை மாவட்டம் மாறியும் ஓர் அடிகூட நகராத இந்த உயிரியைப் புலம்பெயர்வு ஆய்வாளர்கள் கண்டுகொள்ளாதது ஏன் என்று தெரியவில்லை. ஒரு வருஷம் காய்ப்பதும் மறு வருஷம் சும்மா நிற்பதுமான மாமரத்தின் குணத்துக்கு மரத்தின் உள்ளேயே காரணம் இருப்பதாகத் தாவரவியலார் சொல்கிறார்கள். அரசாணைகளைப் பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கலாம் என்பது என் துணிபு.

இடப்பரப்பு. மாங்கன்றுக்கு மாங்கன்று பத்து மீட்டர் இடைவெளி வேண்டும் என்பது வேளாண் ஏடுகளின் பழைய கணக்கு. அதாவது ஒரு மரத்துக்கு நூறு சதுர மீட்டர். நம் கணக்கில் ஏறக்குறைய இரண்டரை சென்ட். மூன்று சென்ட் மனை வாங்கியவர் மரத்துக்குரியதை மரத்துக்குக் கொடுத்துவிட்டு, மிஞ்சிய அரை சென்டில் வீடு, மாடிப்படி, மோட்டார் கொட்டகை, மாமியார் ஆகிய நான்கையும் அமைத்துக்கொள்ள வேண்டும். நீலத்தையும் தசேரியையும் இணைத்து டெல்லியில் உருவாக்கிய குட்டை ரகமான ஆம்ரபாலியை இரண்டரை மீட்டரில் நெருக்கி நடலாம். மாமியாருக்குக் காற்றோட்டம் கிடைக்கும்.

மண். அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் பூமி. சிமென்ட் ஆலைகளுக்கு உவப்பானது மாவுக்கு உவப்பாக இருக்க வேண்டுமென்பதில்லை. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் வேருக்கு எட்டாது. இளந்தளிர் மஞ்சளித்து நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கம் முந்திரி செழிக்கிறது. முந்திரியும் மாவும் ஒரே குடும்பம். பங்காளி நன்றாயிருப்பதைப் பார்த்து நம் மரம் வாடுகிறதா என்பது தனி ஆய்வுக்குரியது.

ரகங்கள். பங்கனப்பள்ளி: நல்லது. கிளிமூக்கு: உப்பும் மிளகாய்ப்பொடியுமாகக் காயிலேயே தீர்ந்துவிடுவதால் பழம் பற்றிய தரவு இல்லை. இமாம் பசந்த்: திருச்சிக்காரர்கள் எதிரில் பேச வேண்டாம். கொட்டை போட்டு முளைத்தது: தாய் யாரென்று தெரியும், தகப்பன் யாரென்று பூவில் உட்கார்ந்த ஈக்குத்தான் தெரியும், ஆகவே தாயின் ருசி பிள்ளைக்கு வருமென்ற உறுதி கிடையாது. நீலம்: வருஷா வருஷம் ஒழுங்காகக் காய்க்கும். ஆகவே ஆய்வுக்கு உதவாது.

இனி மையப்பொருள்.

காய்க்காத மாமரத்தின் முன் இருவர் நிற்க வேண்டும். ஒருவர் கையில் அரிவாள். அவர், “இந்த வருஷமும் ஏமாத்திட்ட. வெட்டிப்புடுவேன்” என்று ஓங்க வேண்டும். மற்றவர் குறுக்கே பாய்ந்து, “வேணாங்க, பாவம், அடுத்த வருஷம் காய்ச்சிரும்” என்று மரத்தின் சார்பில் வாக்குக் கொடுக்க வேண்டும். தமிழ்நாட்டுக் கொல்லைகளில் நெடுங்காலமாக நடந்துவரும் இந்தச் சடங்கைப் பற்றிய சான்றுகள் மூன்று அடுக்கில் கிடைக்கின்றன.

முதல் அடுக்கு: எதிர்வீட்டு ஆயா (வாய்மொழி, புளி உடைத்தபடி). ஓங்கினால் போதும், வெட்டு படக் கூடாது என்பது இவர் கட்சி. இரண்டாம் அடுக்கு: கோடி வீட்டுப் பெரியப்பா (வாய்மொழி, கயிற்றுக் கட்டில், மேற்குப் பார்த்து). பட்டையில் ஒரு கொத்தாவது விழ வேண்டும் என்பார். ஆணி அடிப்பதையும் ஆதரிப்பார். மூன்றாம் அடுக்கு: மேற்படி பெரியப்பாவின் கூற்றுக்குப் பெரியம்மா தந்த மறுப்பு (சமையற்கட்டிலிருந்து, குரல் மட்டும்), அம்மறுப்புக்குப் பெரியப்பாவின் மௌனம், அம்மௌனத்துக்கு ஆயா பிற்பாடு எழுப்பிய விளக்கவுரை (வாய்மொழி, திருத்திய பதிப்பு, புளி முடிந்து கொட்டையை ஒதுக்கும்போது), அவ்வுரையில் “ம்க்கும்” என்ற சொல் வரும் இரண்டு இடங்களின் பாட வேறுபாடு. ஒட்டறைக் கோலால் அடிப்பது, பழைய விளக்குமாற்றைக் கட்டித் தொங்கவிடுவது ஆகிய கிளை நெறிகளும் உண்டு. விளக்குமாறு புதிதாக இருந்தால் மரம் மதிக்காது என்பதில் மட்டும் எல்லாக் கட்சிக்கும் உடன்பாடு.

இதை மூடப்பழக்கம் என்று ஒதுக்கும் தோட்டக்கலையார் செய்வது என்ன என்று பார்த்தால் நிலைமை வேறு. பூக்கும் பருவத்துக்கு முன் தண்ணீரை நிறுத்துங்கள் என்கிறார்கள்: பட்டினி போடுவது. கிளையின் பட்டையை வளையமாகச் சீவினால் இலையில் விளைந்த சத்து வேருக்கு இறங்காமல் மேலேயே தங்கிப் பூப்பைத் தூண்டும் என்கிறார்கள்: பெரியப்பா கட்சி. பேக்லோபுட்ரசால் என்ற மருந்தை வேரடியில் ஊற்றினால் தழை வளர்ச்சி ஒடுங்கிப் பூவெடுக்கும் என்கிறார்கள்: இது விலை கொடுத்து வாங்கும் மிரட்டல். வேறுபாடு இவ்வளவுதான், ஆயா காசு கேட்பதில்லை.

சோதனை முடிவுகள் மலைக்க வைப்பவை. கொத்துக் கொத்தாகக் காய்த்த மரம் அசந்துபோய் மறு வருஷம் ஓய்வெடுக்கும். ஓய்வெடுக்கும் வருஷத்தில்தான் நாம் அரிவாளைத் தூக்குகிறோம். அடுத்த வருஷம் அது எப்படியும் காய்க்க இருந்தது, காய்க்கிறது. ஆக, மிரட்டப்பட்ட மரம் காய்க்கும் என்ற கருதுகோள் ஐயமற நிறுவப்பட்டது. பக்கத்து வீட்டில் யாரும் மிரட்டாத மரமும் அதே வருஷம் காய்த்ததே என்று வெட்டி வாதம் செய்வோர் உண்டு. மதில் தாண்டிக் கேட்டிருக்கும். சான்று இல்லாத இடத்தில் சான்றைக் கடல் கொண்டது என்று எழுதும் பெரியோர்களிடம் கற்ற முறைதான் இது. அரியலூர் வரை கடல் வந்ததற்கு ஓடைக்கரையில் கிடக்கும் அம்மோனைட் ஓடுகளே சாட்சி என்பதால் எனக்கு அதில் கூடுதல் உரிமையும் உண்டு.

பூ உதிர்வது பற்றி ஒரு குறிப்பு. ஒரு பூங்கொத்தில் ஆயிரத்துக்கு மேலும் பூ இருக்கலாம். பாதிக்கு மேல் ஆண்பூ. தத்துப்பூச்சி, சாம்பல் நோய், காற்று எல்லாம் போக முதிர்வது ஒன்றிரண்டு காய். கருத்தரங்குகளில் வாசிக்கப்படும் கட்டுரைகளோடு ஒப்பிட விரும்புவோர் ஒப்பிட்டுக்கொள்ளலாம்; அங்கே உதிர்வது குறைவு.

மிஞ்சியிருப்பது ஒரே ஒரு மரம். ஆலத்தூர் வட்டம் சாத்தனூரில், 1940இல் நிலவியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டறிந்து உலகுக்குச் சொன்ன கல்மரம். 18 மீட்டர் நீளம், ஏறத்தாழ 12 கோடி ஆண்டு வயது. அது மாமரமல்ல, பூக்கும் தாவரங்கள் கோலோச்சுவதற்கு முந்திய ஊசியிலைக் கூட்டத்தைச் சேர்ந்தது என்று நிலவியலார் கூறுகிறார்கள். 12 கோடி ஆண்டுகளாகக் காய்க்காததற்கு இதையும் ஒரு காரணமாகக் கொள்ளலாம். ஆனால் அதை இதுவரை யாரும் முறைப்படி மிரட்டியதாகப் பதிவில்லை. அரிவாள் என்னுடையது. குறுக்கே பாய்ந்து வாக்குக் கொடுக்க ஆயா சம்மதித்துவிட்டார். போகவர பஸ் செலவும் வழியில் ஒரு டீயும் மட்டும் நல்கைக் குழு ஏற்க வேண்டும் என்கிறார். விண்ணப்பத்தை மூன்று படிகளில் அனுப்பியாயிற்று.