குறையாத பாத்திரமும் முடிந்துபோன இனாமும்

வரிசையில் நிற்பதும் ஒரு வித்தையே என்றும், அந்த வித்தையில் யாழ்ப்பாணத்தவனுக்கு ஈடு சொல்லக்கூடியவர்கள் உலகத்தில் மிகச் சிலரே என்றும் நெடுங்காலமாக நான் ஓர் அபிப்பிராயம் கொண்டிருந்தேன். மாவும் சீனியும் அருமைப்பட்டுப்போன 1973, 74ஆம் ஆண்டுகளில், கோழி கூவுமுன் எழுந்து, ஓர் இறாத்தல் பாணுக்காகப் பனிக்குள் நடுங்கி நின்ற பையன் நான். பொருளாதாரத் தடையினால் சவர்க்காரக் கட்டி தெய்வ தரிசனத்துக்கு நிகராகிவிட்ட தொண்ணூறுகளில், மண்ணெண்ணெய்க்காகக் கால் கடுக்க நின்று, பெற்றதை ஜாம் போத்தலில் துளித்துளியாக விட்டுப் பஞ்சுத்திரி கொளுத்தி, அந்த வெளிச்சத்தில் மாணாக்கரின் விடைத்தாள்களைத் திருத்திய வாத்தியாரும் நான். மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் பெற்றோல் என்று விதித்து, அதற்கும் கறுப்பும் வெள்ளையுமான ஒரு கியூஆர் சதுரத்தைக் கையில் தந்துவிட்ட 2022இல், அச்சதுரத்தைத் திருநீற்றுப் பையைப்போலப் பக்தியுடன் மடியிற் செருகிக்கொண்டு நின்ற ஓய்வூதியக்காரனும் நானே. இம்மூன்று வரிசைகளிலும் வெறுங்கையோடு திரும்பிய நாட்கள் பல உண்டெனினும், ஒருநாளாவது நான் கோபங்கொண்டதில்லை. நாலாவது வரிசை ஒன்று வந்தது; அதில் நான் நிற்கவுமில்லை, சாய்மனைக் கதிரையில் சௌக்கியமாகச் சாய்ந்திருந்தேன்; அங்கேதான் அறுபது வருஷங்களாகக் காத்துவந்த என் பொறுமை பறிபோயிற்று.

சங்கதி இதுதான். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கும் என் மருமகன், அதாவது என் தங்கையின் மகன், ஒரு நாள் அந்தியில் நெல்லியடியிலுள்ள எங்கள் வீட்டுக்கு வந்து, வழக்கத்துக்கு மாறான விநயத்தோடு திண்ணையில் அமர்ந்தான். பிள்ளைகளின் விநயம் காசோடு சம்பந்தப்பட்டது என்பதை முப்பது வருஷ ஆசிரியத் தொழில் எனக்குக் கற்பித்திருந்தபடியால், நான் மௌனமாகவே இருந்தேன்.

"மாமா, உங்கட பாங்க் காட்டை ஒருக்காத் தாங்கோ. ஒன்லைன்ல கேம் எல்லாம் மலிவா விக்கினம். ஒண்டு வாங்கினா இன்னொண்டு சும்மா குடுக்கினம். கொஞ்சப் பேருக்குத்தான், முடிஞ்சா முடிஞ்சதுதான்."

கிளித்தட்டையும் போளையடியையும் தவிர வேறு விளையாட்டறியாத நான், சும்மா கொடுக்கப்படுவது என்ன என்று விசாரித்தேன். விலைக்கு வாங்குவது கார்ப்பந்தயமாம். இனாமாக வருவதோ வேளாண்மையாம். கணினிக்குள் ஒரு தோட்டம் இருக்குமாம். அதைக் கொத்தி, விதையிட்டு, நாள்தோறும் தண்ணீர் விட்டு, விளைந்ததைச் சந்தையில் விற்கவேண்டுமாம். எங்கள் பின்வளவில் வெங்காயப் பாத்திக்குத் தண்ணி மாற வரச்சொன்னால் ஒரு வருஷமாகத் தலையிடி என்று சொல்லிவருகிற இந்த மகாராசன், அந்தத் தொழிலையே கண்ணாடிக்குள் செய்வதற்கு என் ஓய்வூதியத்தைக் கேட்கிறான் என்பதை நினைக்க எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால், "கொஞ்சப் பேருக்குத்தான்" என்ற சொல் என் மனத்தின் எங்கோ ஒரு மூலையில் முள்ளைப்போலத் தைத்துவிட்டது. அந்தக் கொஞ்சப் பேரில் நாம் ஏன் இருக்கக்கூடாது? காட்டை எடுத்துக் கொடுத்தேன்.

விற்பனை தொடங்குவது அமெரிக்காவின் மேற்குக் கரையில் காலை 10 மணி. நமக்கு இரவு 10.30. 1996இல் நாட்டின் கடிகாரங்களை முன்னே தள்ளிவிட்டு, பத்து வருஷம் கழித்து அவற்றைத் திரும்பவும் பழைய இடத்துக்கே இழுத்துவந்தபோது, "பழைய நேரமோ, புது நேரமோ?" என்று விசாரித்த பின்னரே கலியாண வீட்டுக்குப் புறப்பட்ட தலைமுறையைச் சேர்ந்தவன் நானாகையால், மருமகனிடம் மும்முறை கேட்டு உறுதிசெய்துகொண்டு, 10 மணிக்கே கதிரையில் ஆயத்தமானேன்.

10.30க்குக் கடை திறந்தது, 10.32க்குப் பொருள் கூடையில் விழுந்தது, 10.33க்கு, வங்கியிலிருந்து ஆறு இலக்க இரகசிய எண் ஒன்று கைத்தொலைபேசிக்கு வரும் என்று அறிவிக்கப்பட்டது. எங்கள் வீட்டில் தொலைபேசிக்குச் சிக்னல் வாய்க்கிற ஒரே ஸ்தலம் கிணற்றடி. ஆகவே நான் அந்தகாரத்தில் கிணற்றடிக்கு ஓடி, துலாக்காலைப் பிடித்துக்கொண்டு தொலைபேசியை வானுக்கு உயர்த்தி நிற்க, எண் வந்து சேர்ந்தது. எவருக்கும் வெளியிடற்க என்ற எச்சரிக்கையோடு வந்த அவ்வெண்ணை, திண்ணையிலிருந்த மருமகனுக்குக் கேட்கும்படி, வகுப்பறையில் வாய்ப்பாடு சொல்லும் கம்பீரத்தோடு ஒவ்வோர் இலக்கமாக நான் கூவ, அயல்வீட்டு நாய் பதில் சொல்ல, அடுக்களைக் கதவைத் திறந்துகொண்டு என் மனையாள், "இந்தச் சாமத்தில ஆருக்கு நம்பர் சொல்லுறியள்?" என்று கேட்க, அவளுக்கு விளக்கமளித்ததில் நாலாவது இலக்கம் தவறிப்போய், மறுபடியும் முதலிலிருந்து தொடங்கவேண்டியதாயிற்று.

நான் திண்ணைக்கு மீண்டபோது மருமகனின் முகம் வாடியிருந்தது. "காசு எடுத்திட்டான், மாமா. ஆனா சும்மா குடுக்கிறது முடிஞ்சுதாம்."

மூவாயிரத்துச் சொச்சம் ரூபாய் போனதற்காக நான் வருந்தவில்லை. மாலை ஆறு மணி வரைக்கும் இன்னதென்று அறியாதிருந்த, அறிந்தபின்னும் நகைப்புக்கே உரியதாக எண்ணிய ஒரு பொய்த் தோட்டம் எனக்குக் கிடைக்காமற் போய்விட்டதே என்பதற்காக அன்றிரவு முழுவதும் உறக்கமின்றிக் கிடந்தேன். விடிந்ததும், மனு எழுதுவதில் யாழ்ப்பாணத்து எழுதுவினைஞர்கள் ஒரு காலத்தில் அடைந்திருந்த கீர்த்திக்குப் பங்கம் வராதவாறு, "கனம் ஐயா" என்று தொடங்கி, "தங்கள் கீழ்ப்படிதலுள்ள ஊழியன்" என்று முடியும் நாலு பக்க விண்ணப்பமொன்றை ஆங்கிலத்தில் எழுதி அந்தக் கடைக்கு அனுப்பினேன். ஒரு நிமிஷத்தில் பதில் வந்தது. தகப்பன் பெயரை முன்னே எழுதும் நம் வழக்கத்தை அறியாத அவ்வியந்திரம், நாற்பது வருஷங்களுக்கு முன்னரே சிவபதமடைந்துவிட்ட என் ஐயாவைத் தோழமையோடு பெயர் சொல்லி அழைத்து, அவருடைய மனவருத்தத்தைத் தான் நன்கு உணர்வதாகவும், அவர் இனிய விளையாட்டு அனுபவம் பெற வாழ்த்துவதாகவும் தெரிவித்திருந்தது.

கோபம் தணிந்தபின் என்னை வாட்டியது வேறொரு சந்தேகம். பாண் முடிந்ததென்றால் அது நியாயம். மா தீர்ந்தது, பாண் தீர்ந்தது. மண்ணெண்ணெய் முடிந்ததும் நியாயம். பீப்பாய்க்கு அடி உண்டு. ஆனால், ஒன்றைப் பத்தாயிரமாகப் பிரதி செய்தாலும் மூலம் அணுவளவும் தேயாத ஒரு கணினிப் பொருள் எப்படி முடிந்துபோகும்? நயினாதீவுதான் மணிபல்லவம் என்பது நம்மவர் பலரின் நம்பிக்கை. அத்தீவின் கோமுகிப் பொய்கையிலிருந்து மணிமேகலை பெற்ற அமுதசுரபியோ அள்ள அள்ளக் குறையாதது. கணினிக் கடைக்காரர் கையிலிருப்பதும் அமுதசுரபியே. அவர் அதன் வாயை ஒரு துணியால் கட்டி, "முதலில் வரும் சிலருக்கு மட்டும்" என்று எழுதி ஒட்டியிருக்கிறார்.

அவரை முற்றாகக் குறை சொல்வதற்குமில்லை. இனாமுக்கும் ஒரு கணக்குப் புத்தகம் உண்டு. எபிக் கேம்ஸ் என்ற நிறுவனம் ஆப்பிளோடு தொடுத்த வழக்கு 2021 மே மாதத்தில் கலிபோர்னியாவில் விசாரணைக்கு வந்தபோது, வெளிப்பட்ட பத்திரங்களுள் அந்தப் புத்தகமும் இருந்தது: எபிக் தன் கடையைத் திறந்த முதல் 9 மாதங்களில் 38 விளையாட்டுகளை இலவசமாக வழங்குவதற்கு அவற்றை ஆக்கியவர்களுக்கு அளித்தது ஏறக்குறைய 1 கோடி 16 இலட்சம் டொலர், அதனால் வந்துசேர்ந்த புதிய வாடிக்கையாளர் ஏறத்தாழ 50 இலட்சம், தலைக்குச் செலவு 2 டொலர் 37 சதம். இனாமாக ஒன்றை வாங்குகிறோம் என்று நாம் நினைத்திருக்க, அங்கே கொள்முதல் செய்யப்பட்டது நம் தலை என்பதும், அதன் சந்தை விலை ஒரு தேநீர்க் கோப்பைக்கு மேலில்லை என்பதும் அதனால் நிச்சயமாயிற்று.

இந்தப் பித்தம் என்னை மாத்திரம் பிடித்ததல்ல என்பது ஓர் ஆறுதல். ஸ்டீம் என்னும் பெருங்கடை 2011 மார்கழி விற்பனையில், இட்ட பணிகளைச் செய்தவர்களுக்குச் சில வேளை பரிசும், சில வேளை நிலக்கரித் துண்டும் வழங்கிற்று. ஏழு கரித்துண்டு சேர்த்தால் ஒரு பரிசாக மாற்றலாம் என்றதும், கண்ணுக்கும் கைக்கும் அகப்படாத கரியை உலகமெங்கும் கனவான்கள் சேமிக்கலாயினர். அதே கடை 2019 கோடையில் அணி பிரித்து ஒரு பந்தயம் நடத்தி, வெல்லும் அணிகளில் குலுக்கலில் அகப்படும் சிலருக்கு அவரவர் விருப்பப் பட்டியலின் தலைப்பிலுள்ள விளையாட்டு இனாம் என்றது. விதியைச் சரிவர விளங்காத பலர், மலிவான ஒன்று வந்து வாய்த்துவிடுமோ என்று அஞ்சி, சின்ன ஆக்குநர்களின் விளையாட்டுகளையெல்லாம் பட்டியலிலிருந்து வெட்டியெறிய, அந்த ஏழைகள் முறையிட, கடைக்காரர் விளக்கம் சொல்ல நேர்ந்தது. கிடைக்குமோ கிடைக்காதோ என்ற இனாமுக்காக, நேற்றுவரை விரும்பியதையே வெறுக்கத் துணிந்தார்கள் என்றால், கிணற்றடியில் நின்று எண் கூவிய நான் எவ்வளவோ மேல்.

அடுத்த வெள்ளிக்கிழமை மருமகனை அழைத்துக்கொண்டு தொண்டைமானாற்றுக்குச் சென்று, அன்னதானக் கந்தன் என்று பெயர்பெற்ற செல்வச்சந்நிதியானைத் தரிசித்தபின், மடமொன்றில் பந்தியில் இருந்தோம். இங்கே இருப்பது மெய்யான அரிசி, கிடாரத்துக்கு அடி உண்டு, அள்ளினால் குறையும். ஆயினும் எத்தனை பேருக்கு என்று ஓர் எழுத்தும் எங்கும் ஒட்டியிருக்கவில்லை. எங்கள் பெயரை எவரும் கேட்கவுமில்லை. குறைகிற பாத்திரத்துக்கு எல்லை கட்டாதவனும், குறையாத பாத்திரத்துக்கு எல்லை கட்டுகிறவனும் ஒரே உலகத்தில் இருக்கிறார்கள் என்று நான் மருமகனுக்கு உபதேசிக்கத் தொடங்கியபோது, அவன் இரண்டாந்தரம் சாம்பாருக்குக் கையை நீட்டிக்கொண்டிருந்தான்.

அன்று மாலை அவன், ஒருவரும் சொல்லாமலே, வெங்காயத்துக்குத் தண்ணி மாறினான். காசு கொடுத்து வாங்கிய கார்ப்பந்தயமோ 60 ஜிபி நிறையுடையதாம். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்றபடி, அதில் 41 வீதம் இறங்குவதற்குள் எங்கள் வீட்டின் அந்த மாதத்து டேற்றா முழுவதும் முடிந்துபோயிற்று.