ஏழெழுத்து ஆங்கிலச் சொல்லும் சித்திரை வீதித் திண்ணையும்: ஓர் ஆய்வு

1. தோற்றுவாய்

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே கிடக்கும் ஸ்ரீரங்கத்தில் காலை ஏழு முதல் ஒன்பது வரை நடக்கும் தலையாய அறிவுப்பணி எது? பாராயணம் என்பர் ஒரு சாரார். ஆங்கிலப் பேப்பரின் குறுக்கெழுத்தே என்பது இக்கட்டுரையாளன் கட்சி. பாராயணத்துக்கு மனப்பாடம் போதும். இதற்குப் பென்சில், ரப்பர், ஓய்வூதியம் மூன்றும் வேண்டும்.

2. முன்னோர் நெறி

1913 டிசம்பர் 21 அன்று ‘நியூயார்க் வேர்ல்டு’ பத்திரிகையில் ஆர்தர் வின் போட்ட கட்டமே முதல் குறுக்கெழுத்து என்பது மேலை நாட்டார் கொள்கை. இன்ன எழுத்து இன்ன இடத்தில் வந்தாக வேண்டும் என்று சொல்லைத் தேடி அலைவது அரங்கத்தாருக்கு அதற்கும் வெகுகாலம் முந்திய பழக்கம். பிள்ளைப்பெருமாள் ஐயங்காரின் திருவரங்கத்தந்தாதி யமகம்: நாலடிக்கும் தொடக்கத்தில் அதே எழுத்துகள், பொருள் மட்டும் வேறு வேறு. அக்கரையில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையும் யமக அந்தாதி பாடியவர். எழுத்தை ஒவ்வொன்றாகக் கழித்து வேறு வேறு சொல் காணும் வித்தைக்கு அணி நூலார் ‘அக்கரச்சுதகம்’ என்று பெயரே சூட்டியிருக்கிறார்கள். ஆகவே தாத்தா திண்ணையில் பென்சிலும் கையுமாக உட்கார்ந்திருப்பதை வேலையற்ற வேலை என்று பாட்டி தள்ளுவது ஆராய்ச்சிக் குறைவு.

இன்னொரு சான்று. பெரிய குறுக்கெழுத்துக்கு வழக்கமான அளவு 15க்கு 15 கட்டம். ஆங்கிலத்தில் திருச்சிராப்பள்ளி என்று முழுசாக எழுதினால் மிகச் சரியாக 15 எழுத்து. இதைத் தற்செயல் என்பார் வாதம் ஈண்டு எடுத்துக்கொள்ளப்படவில்லை.

3. களப்பணி

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட கட்டம் ஏழெழுத்து. முதலில் சி, ஐந்தாவதும் ஆறாவதும் ஓ, கடைசியில் டி. குறிப்பு: இரு முனையும் வெட்டிய புகையிலைப் பொருள்.

முதல் முறை, அகர வரிசை. நடுவில் மூன்று கட்டம் காலி. 26 எழுத்தையும் மாற்றி மாற்றிப் போட்டால் 17,576 வழி. விநாடிக்கு ஒன்றாகப் பார்த்தாலும் கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம். தாத்தா ‘சி, ஏ, ஏ’ என்று தொடங்கி, ‘சி, ஏ, டி’ வருவதற்குள் இரண்டு கொட்டாவி விட்டார்.

இரண்டாம் முறை, எதிர்வீட்டு மாமா. “ஓய், சி-யில ஆரம்பிச்சு ‘ஊட்’னு முடியறது, என்ன?” “ஊட்டியா இருக்குமோ?”

மூன்றாம் முறை, பேரன். அவன் போனில் ‘வேர்டில்’ ஆடுகிறவன். அதில் ஐந்தெழுத்து, ஆறு தடவை. “ஏழெழுத்தெல்லாம் என் சிலபஸ்லயே கிடையாது தாத்தா.”

நான்காவது முறை நூல்களில் இல்லை. பாட்டி காபி டம்ளரோடு வந்தாள்.

“அப்படி என்னத்தைத் தேடறேள்?”

“ரெண்டு பக்கமும் வெட்டின புகையிலைச் சாமான் ஏதோ.”

“உறையூர்ச் சுருட்டுதானே? உங்க சித்தப்பா கொல்லைப்புறத்துல இழுப்பாரே.”

“இங்கிலீஷ்ல கேக்கறான்டி.”

“இங்கிலீஷ்காரன் மட்டும் அதுக்கு வேற என்ன பேரைச் சொல்வானாம்?”

தாத்தா வாய்க்குள் உருட்டினார்: சுருட்டு, செருட்டு, செரூட். சி, எச், இ, ஆர், ஓ, ஓ, டி. கட்டத்தில் ஓர் எழுத்துக்கூட இடிக்கவில்லை.

4. ஆய்வுரை

செரூட் என்பது நம் சுருட்டுதான். ஆங்கில அகராதிகளே ஒப்புக்கொள்கின்றன. இக்கரைச் சரக்குக்கு அக்கரையில் எவ்வளவு பேர் என்றால், 1887இல் வந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் நாவலில் துப்பறிவாளர் சாம்பலைப் பார்த்தே கொலைகாரன் பிடித்தது ‘டிரிச்சினோபோலி’ சுருட்டு என்கிறார். லண்டனில் ஒருவர் சாம்பலிலிருந்து கண்டுபிடித்ததைத் திண்ணையில் மூன்று ஆண்கள் சொல்லிலிருந்து கண்டுபிடிக்கத் திணறினார்கள்.

தமிழில் நாலெழுத்தான சுருட்டு அங்கே ஏழானது எப்படி? கட்டுமரம் நமக்கு ஆறு, ‘கேட்டமரான்’ அவர்களுக்கு ஒன்பது. மிளகுத்தண்ணீர் எட்டு, ‘மல்லிகடானி’ பன்னிரண்டு. கடல் கடந்த தமிழ்ச்சொல் ஒன்றரை மடங்கு பருக்கும் என்பது இதனால் நிறுவப்படும் விதி. சுருட்டு மட்டும் ஒன்றே முக்கால் மடங்கு ஆனது. கூடுதல் கால் மடங்கைப் புகைக் கணக்கில் தள்ளலாம்.

5. முடிபு

ஆங்கிலச் சொல் கிடைக்காதபோது முதலில் சமையலறையில் தேடுக, அகராதி பிறகு. மறுநாள் பேப்பரில் விடை வந்தது, சரியாக இருந்தது. தாத்தா அதைப் பாட்டியிடம் காட்டவில்லை. ஆனால் அன்று முதல் குறிப்புகளைச் சமையலறைப் பக்கமாகத் திரும்பி, தமிழில், கொஞ்சம் உரக்கவே படிக்கிறார். யாரையும் கேட்பதாகக் காட்டிக்கொள்வதில்லை.