மனை போட்ட மகராசனுக்கு

ஐயா, கேளம்பாக்கம் முதல் திருக்கழுக்குன்றம் வரை, சிங்கப்பெருமாள்கோயில் முதல் மாமல்லபுரம் வரை, உங்கள் கல் நடாத ஊர் உண்டா? பல்லவர் காலத்தில் ஒருவருக்கு நிலம் கொடுப்பதென்றால் எல்லையைச் சுற்றி நடந்து, கல்லும் கள்ளியும் நட்டு, செப்பேட்டில் எழுதி முடிக்க வேண்டியிருந்தது. நீங்கள் மஞ்சள் பெயின்ட் அடித்த கற்களை வைத்தே நெல் விளைந்த நிலத்தை ஒரே மாதத்தில் நகர் ஆக்கிவிட்டீர்கள். அந்த வேகம் வேறு யாருக்கும் வராது.

கொடுப்பதிலும் குறை வைத்ததில்லை. மனை பார்க்க இலவச வேன், மதியம் பிரியாணி, அன்றைக்கே அட்வான்ஸ் கட்டியவருக்குத் தங்கக் காசு. வரைபடத்தில் முப்பதடிச் சாலை, மழைநீர்க் கால்வாய், பூங்கா. தரையில் நாலு லோடு கிராவல். அது முதல் ஐப்பசி மழையில் பக்கத்து ஏரியோடு போய்ச் சேர்ந்தது.

உங்கள் முன்யோசனையை எப்படிச் சொல்வது! மனைப்பிரிவுக்கு அனுமதி தரும் அதிகாரம் ஊராட்சித் தலைவருக்குக் கிடையாது. அது நகர் ஊரமைப்புத் துறையின் வேலை. ஆனாலும் தலைவரின் முத்திரையை வாங்கி ‘பஞ்சாயத்து அப்ரூவ்டு’ என்று விளம்பரம் செய்தீர்கள். அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பர் 9 அன்று உத்தரவிட்டபோது உங்கள் கையில் ஒரு மனைகூட மிச்சமில்லை. பத்திரம் வைத்திருந்தவர்கள்தான் விற்கவும் முடியாமல், வங்கிக் கடனும் கிடைக்காமல் நின்றார்கள். 2017 மே மாதம் வரன்முறை விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20க்கு முன் விற்ற மனைகளுக்கு வழி பிறந்தது. வரன்முறைக் கட்டணம், வளர்ச்சிக் கட்டணம் எல்லாவற்றையும் வாங்கியவர்களே கட்டினார்கள். உங்களுக்கு ஒரு பைசா செலவில்லை.

ஆனால் இவையெல்லாம் சின்னத் திறமைகள். பெரியது ஒன்று இருக்கிறது.

சாலையையும் பூங்காவையும் தானப்பத்திரம் எழுதி உள்ளாட்சிக்கு ஒப்படைக்க வேண்டும். நீங்கள் ஒப்படைக்கவில்லை. ஊராட்சியில் கேட்டால், எங்கள் பெயரில் இல்லாத சாலைக்கு எப்படி நிதி ஒதுக்குவது என்கிறார்கள். மக்கள் மூன்றில் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு போடும் ‘நமக்கு நாமே’ திட்டத்துக்கு மனுக் கொடுத்தாலும் அதே கேள்வி. அந்த ஒரு கையெழுத்தைப் போடாமல் விட்டதில் ஒரு நகரையே இரண்டாக்கிவிட்டீர்கள்.

இப்போது பாருங்கள். சொந்தக் காசில் ரோடு போடலாம் என்று குடியிருப்போர் சங்கம் கூடுகிறது. மெயின் ரோட்டை ஒட்டிய வீட்டுக்காரர், ‘என் வாசலில் தார் இருக்கிறது, நான் ஏன் தரணும்?’ என்கிறார். கடைசி வீட்டுக்காரர், மனைக்கு இவ்வளவு என்று சமமாகப் பிரிக்கச் சொல்கிறார். கார்னர் பிளாட்டுக்கு இரண்டு பக்கமும் சாலை, அதனால் இரட்டைப் பங்கு என்று ஒருவர் சொல்ல, கார்னர்க்காரர் எழுந்து போய்விடுகிறார். காலி மனை வைத்திருப்பவர் துபாயிலிருந்து, ‘வீடு கட்டும்போது தர்றேன் சார்’ என்று செய்தி அனுப்புகிறார். பணம் சேராததால் அவரவர் வாசலில் அவரவர் ரப்பீஸ் கொட்டி மேடாக்குகிறார்கள். மழை வந்தால் ஒரு வீட்டுத் தண்ணீர் அடுத்த வீட்டுக் கூடத்தில் நிற்கிறது. பழைய சாலையைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே மட்டத்தில் புதுச் சாலை போட வேண்டும் என்று 2021இல் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு உத்தரவிட்டார். சுரண்டுவதற்காவது ஒரு சாலை வேண்டும் அல்லவா?

பிரசவ வலி கண்ட பெண்ணைச் சேற்றில் நாற்காலியில் வைத்துத் தூக்கிவந்து ஆம்புலன்ஸில் ஏற்ற வேண்டியிருக்கிறது. அப்போதும் திட்டு விழுவது பங்கு தராத பக்கத்து வீட்டுக்காரருக்குத்தான். உங்கள் பெயர் யார் வாயிலும் வருவதில்லை.

உத்திரமேரூர்க் கல்வெட்டில், 921ஆம் ஆண்டிலேயே, ஊர்ச் சபையின் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மறுபடி வாரியத்துக்கு வரக்கூடாது என்று விதி செய்திருக்கிறார்கள். எங்கள் பக்கத்து மக்களுக்குக் கணக்குக் கேட்கும் பழக்கம் அத்தனை பழையது. இன்றும் கேட்கிறார்கள்: சங்கத்தின் பொருளாளரான ஓய்வுபெற்ற வாத்தியாரிடம். ஒரு லோடு ஜல்லிக்கு ரசீது எங்கே என்று கேட்டு அந்த மனிதரைக் கண்கலங்க வைத்தார்கள். முப்பதடிச் சாலைக்கும் சேர்த்துச் சதுர அடிக்கு விலை வாங்கிய உங்களிடம் மட்டும் யாரும் ரசீது கேட்கவில்லை. நூறு குடும்பங்களின் கோபத்தை அவர்களுக்குள்ளேயே சுற்றவிட்டு, நீங்கள் அடுத்த நகருக்குப் பூமி பூஜை போடுகிறீர்கள். வேன் அதே வேன்தானாம், பிரியாணியும் உண்டாம்.

ஐயா, தானப்பத்திரத்தின் வாசகத்தை எழுத்தரிடம் எழுதி வாங்கிவிட்டோம். சர்வே எண், சாலையின் நீள அகலம், பூங்காவின் எல்லை எல்லாம் அதில் இருக்கிறது. பத்திரச் செலவை எப்படிப் பங்கிடுவது என்று இந்த முறை சண்டை வரவில்லை. மெயின் ரோட்டு வீட்டுக்காரரும் கடைசி வீட்டுக்காரரும் சாட்சிக் கையெழுத்துப் போட ஒரே வண்டியில் வருகிறார்கள். திருப்போரூர் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு என்றைக்கு வருகிறீர்கள்?